டாம் அண்ட் ஜெர்ரியில் வரும் அந்த அம்மாவுக்கு ஏன் முகமே இல்லை?

கூடல்வாசி | ஞாயிறு, இரவு 9.40

தங்கை மகளுக்கு ஏழு வயது. இன்றைக்கு மதியம் என்னோடு உட்கார்ந்து பழைய டாம் அண்ட் ஜெர்ரி பார்த்துக்கொண்டிருந்தாள். டாமைத் துடைப்பத்தோடு விரட்டிக்கொண்டு அந்த அம்மா வந்தார், எப்போதும்போலக் காலும் செருப்பும் பாவாடையும் மட்டும். "மாமா, இவங்களுக்கு மூஞ்சியே கிடையாதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒருநாளும் எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

அவள் தூங்கிய பிறகு தேடிப் படித்தேன். அந்தப் பாத்திரத்தை மேமி டூ ஷூஸ் என்கிறார்கள். 1940-ல் வந்த முதல் படமான 'பஸ் கெட்ஸ் தி பூட்'டிலேயே அவர் இருக்கிறார். அதில் டாமின் பெயர்கூட டாம் இல்லை, ஜாஸ்பர். 1952-ல் 'புஷ் பட்டன் கிட்டி'யோடு தொடரிலிருந்து போய்விடுகிறார். குரல் கொடுத்தவர் லிலியன் ராண்டால்ஃப், கறுப்பின நடிகை, வானொலியிலும் சினிமாவிலும் நடித்தவர். மேமி என்பது ஒருவருடைய பெயரே இல்லை. வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்துத் துவைத்துப் பிள்ளை வளர்த்த கறுப்பினப் பெண்களைப் பற்றி அடிமை முறைக் காலத்திலிருந்து அமெரிக்காவில் பரவியிருந்த ஒரு வார்ப்பு அது: பருத்த உடம்பு, உரத்த குரல், எஜமானர் வீட்டைத் தவிர வேறு வாழ்க்கை கிடையாது.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று. பெரும்பாலான படங்களில் அந்த வீட்டில் வேறு மனிதர்களே கிடையாது. 'பார்ட் டைம் பால்' படத்தில் அவர் மாடியறைக் கட்டிலில் தூங்குகிறார், 'சாட்டர்டே ஈவினிங் பஸ்'ஸில் சிங்காரித்துக்கொண்டு சீட்டாடப் போகிறார். அது அவருடைய சொந்த வீடாகவும் இருக்கலாம். நான் இத்தனை வருஷமும் வேலைக்காரி என்றேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை, படத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறேன்.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நாளைக்கு அவள் மறுபடியும் கேட்பாள்.

பென்சில்முனை | ஞாயிறு, இரவு 10.25

நான் பதினாறு வருடமாக 2டி அனிமேஷனில் வேலை செய்கிறேன், அதனால் தொழில் பக்கமிருந்து சொல்கிறேன். கதை பூனை, எலியின் உயரத்தில் நடக்கிறது, கேமரா தரையோடு இருக்கிறது, அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர்களின் கால்தான் தெரியும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். நல்ல உத்திதான், மறுக்கவில்லை. முகம் இல்லையென்றால் உதட்டசைவு வரைய வேண்டாம், முகபாவம் வேண்டாம், வேலையும் மிச்சம்.

ஆனால் அதே தொடரில் 1956-ல் வந்த 'பிஸி படீஸ்' பாருங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டு முழுநேரமும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் ஜீனி என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்கு முழு முகம் இருக்கிறது. பூனை உயரக் கேமரா என்ற விதி அவளுக்குப் பொருந்தவில்லை. மேமிக்கு மட்டும் பன்னிரண்டு வருடம் பொருந்தியது. நீங்கள் சொன்ன சாட்டர்டே ஈவினிங் பஸ்ஸில், சீட்டாட்டத்தை விட்டு அவர் கோபமாக வீட்டுக்கு ஓடிவரும் இடத்தில் கண் சிமிட்டும் நேரம் முகம் தெரியும். அந்த ஒரு இடம் தவிர எனக்குத் தெரிந்து வேறெங்கும் தெளிவாகப் பார்க்க முடியாது.

கடற்கரைச்சாலை | ஞாயிறு, இரவு 11.10

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஹன்னா, பார்பரா என்ற இரண்டு இயக்குநர்கள் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் செய்த அந்தப் படங்கள் ஏழு ஆஸ்கர் வாங்கியவை. இசையும் அசைவும் ஒன்றோடொன்று இழைந்து ஓடுவதை இன்றைக்கும் பிரேம் பிரேமாக நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சமூகம் எப்படி இருந்ததோ அப்படித்தான் அதன் படமும் இருக்கும். இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் எதுவுமே தேறாது. குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அதற்குள் இவ்வளவு தோண்ட வேண்டுமா என்று நிஜமாகவே கேட்கிறேன்.

கூடல்வாசி | ஞாயிறு, இரவு 11.32

தோண்டியது நான் இல்லை அண்ணா, ஏழு வயதுப் பிள்ளை.

தாழம்பூ | திங்கள், காலை 7.15

கடற்கரைச்சாலை அண்ணா, இரண்டு விஷயம். முதலாவது, அவை குழந்தைகளுக்கென்று எடுத்தவை அல்ல. தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் ஏழெட்டு நிமிடம் ஓடியவை, பார்த்தவர்களில் பெரியவர்களே அதிகம். பிறகு தொலைக்காட்சி வந்து மொத்தமாக வாங்கிப் பிள்ளைகள் நேரத்தில் போட்டதால்தான் அவை குழந்தைகள் சமாசாரம் ஆயின.

இரண்டாவது, இன்றைய கண்ணாடி என்பது. அந்தக் காலத்திலேயே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். வால்டர் லான்ட்ஸ் ஸ்டுடியோ 1941-ல் 'ஸ்க்ரப் மீ மாமா வித் எ பூகி பீட்' என்று ஒரு படம் எடுத்தது, ஊரே சோம்பேறிக் கறுப்பர்கள், பார்க்கவே கூசும். 1948-ல் அதை மறுபடி தியேட்டருக்கு விட்டபோது கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி கடுமையாக எதிர்த்தது, அடுத்த வருடம் வெளியீட்டு நிறுவனமான யுனிவர்சல் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மேமி பாத்திரத்தையும் அதே அமைப்பு எதிர்த்தது. அப்படியானால் 'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்' என்று சொல்லும்போது அந்த 'எல்லோரும்' யார்? கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொள்ளாமல் எண்ணிய எல்லோரும்தானே.

பெண் பாத்திரங்களைப் பற்றி மத்தியானம் வந்து எழுதுகிறேன், நிறைய இருக்கிறது.

தாழம்பூ | திங்கள், மதியம் 2.05

சரி, வந்துவிட்டேன்.

மிக்கி எலியை வரையுங்கள். கண்ணிமையில் மூன்று மயிர், தலையில் ஒரு பூ அல்லது ரிப்பன், காலில் குதிகால் செருப்பு. மின்னி தயார். டொனால்டுக்கு டெய்சி, போர்க்கி என்ற பன்றிக்கு பெட்டூனியா, எல்லாம் இதே கணக்குதான். ஆண் உருவம்தான் மூல அச்சு, அதன்மேல் பூ வைத்தால் பெண். அவளுக்கென்று ஒரு கோணல் நடை, ஒரு பேராசை, ஒரு முட்டாள்தனம் எதுவும் கிடையாது. கார்ட்டூனில் பாத்திரம் என்றாலே குறைதானே? டொனால்டின் கோபம், டாஃபியின் பொறாமை, டாமின் அசட்டுத்தனம், இவற்றால்தானே நாம் அவர்களை நேசிக்கிறோம். பெண்ணுக்குக் குறையே இல்லாமல் செய்துவிட்டால் அவளுக்குக் கதையும் இல்லாமல் போய்விடும். டாம் மயங்கிப்போகும் அந்த வெள்ளைப் பூனை டூடில்ஸை நினைத்துப் பாருங்கள், வாய் திறந்து பேசுகிறாளா? மெத்தையில் சாய்ந்துகொண்டு இமைகளை அசைக்கிறாள், அவ்வளவுதான் அவள் வேலை.

1928-ல் எடுத்த 'பிளேன் கிரேஸி' டிஸ்னியின் முதல் மிக்கி படம். விமானத்தில் மின்னியை ஏற்றிக்கொண்டு போய் மிக்கி முத்தம் கேட்கிறான், அவள் மறுக்கிறாள், பயமுறுத்திப் பார்க்கிறான், கடைசியில் வலுக்கட்டாயமாக முத்தமிடுகிறான். அவள் அறைந்துவிட்டு விமானத்திலிருந்து குதித்து, தன் உள்ளாடையையே பாராசூட்டாக விரித்து இறங்குகிறாள். உலகமே கொண்டாடும் ஒரு பாத்திரத்தின் பிறப்பிலேயே இது இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் மின்னிக்கு ஒரு வேண்டாம் இருந்தது, அதற்கு அவள் உடம்பே பதில் சொன்னது. பின்னால் வந்த பல படங்களில் அதுகூட இல்லை, ஜன்னலில் நின்று கை அசைப்பதோடு சரி.

இந்த வரிசையில் வேறு மாதிரி ஒருத்தி பெட்டி பூப். நியூயார்க்கில் ஃபிளைஷர் ஸ்டுடியோ 1930-ல் அவளை அறிமுகப்படுத்தியபோது தொங்கும் காதுகளோடு பாதி நாயாக இருந்தாள். 1932 வாக்கில் காதுகள் வளையத் தோடுகளாக மாறி முழு மனுஷியானாள். ஒரு ஆண் கார்ட்டூனுக்குக் காதலியாக இல்லாமல் தன் பெயரிலேயே தொடர் ஓட்டியவள். குட்டைப் பாவாடை, தொடையில் பட்டி, யாரோ ஒருத்தன் எப்போதும் துரத்திக்கொண்டிருப்பான், அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனாலும் 1932-ல் வந்த 'பூப்-ஊப்-எ-டூப்' என்ற படத்தில் சர்க்கஸ் முதலாளி அவள் காலைத் தடவி, இணங்காவிட்டால் வேலை போய்விடும் என்று மிரட்டுகிறான், அவள் முடியாது என்று பாட்டாகவே பாடுகிறாள். வேலையிடத்தில் ஒரு பெண்ணுக்கு நடக்கும் கொடுமையை அவ்வளவு நேராக ஒரு ஏழு நிமிடக் கார்ட்டூன் அப்போது சொல்லியிருக்கிறது என்பதை முதல் முறை பார்த்தபோது நான் நம்பவில்லை.

1934 நடுவில் ஹாலிவுட் தணிக்கை விதிகள் இறுகின. பெட்டியின் பாவாடை நீண்டது, தொடைப்பட்டி போனது, பாடிய வாய் அடங்கியது. வீடு கூட்டுகிறாள், நாய்க்குட்டி வளர்க்கிறாள். வேடிக்கை செய்யும் பொறுப்பு கிராம்பி என்ற கிழவருக்குப் போய்விட்டது. 1939-ல் தொடர் முடிந்தது. துரத்தியவர்களைத் திருத்தாமல் துரத்தப்பட்டவளுக்குப் புடவை சுற்றிவிட்ட மாதிரி எனக்குத் தோன்றும்.

இதோடு விட மனமில்லை, இன்னொன்று. பெட்டியின் பாட்டுமுறை என்னுடையது என்று ஹெலன் கேன் என்ற பாடகி 1932-ல் இரண்டரை லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு 1934-ல் தோற்றது. தோற்கக் காரணங்களில் ஒன்று, நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் பாடிய பேபி எஸ்தர் என்ற கறுப்பினச் சிறுமி ஹெலனுக்கு முன்பே அந்த மாதிரி பாடியிருக்கிறாள் என்று அவளுடைய மேலாளர் சொன்ன சாட்சியம். வழக்கில் ஜெயித்தது ஸ்டுடியோ. தோற்றது ஹெலன். எஸ்தர் வழக்கில் ஒரு தரப்பே இல்லை, ஆகவே அவளுக்குக் கிடைத்தது எதுவும் இல்லை.

மேப்பிள்நிழல் | திங்கள், மாலை 6.50

தாழம்பூ அக்கா, எஸ்தர் பற்றி இன்றுதான் தெரிந்துகொண்டேன். நன்றி.

பாப்பாயின் காதலி ஆலிவ் ஆயிலை விட்டுவிட்டீர்களே. பாப்பாய் காமிக்ஸில் வந்ததே 1929-ல்தான், ஆலிவ் 1919 முதல் அதில் இருந்தவள். பின்னால் வந்தவன் கதையைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டான். படங்களில் அவளுக்கு இருவர் நடுவில் இழுபடும் வேலை மட்டும் மிச்சம். 1936-ல் வந்த 'நெவர் கிக் எ உமன்' மட்டும் எனக்குப் பிடிக்கும், பாப்பாய் அவளைத் தற்காப்புக் கலை கற்க ஜிம்முக்குக் கூட்டிப்போவான், கடைசியில் கீரையைச் சாப்பிட்டுவிட்டு அவளே அடிப்பாள்.

சிறுமி கதாநாயகியாக வந்த லிட்டில் லுலுவும் உண்டு. மார்ஜ் என்ற பெண் ஓவியர் பத்திரிகைக்கு வரைந்த பாத்திரம், 1943 முதல் 1948 வரை படமாக ஓடியது. உரிமம் முடிந்ததும் ஸ்டுடியோ லிட்டில் ஆட்ரி என்று தனக்குச் சொந்தமாக ஒன்றை வைத்துக்கொண்டது.

பென்சில்முனை | திங்கள், இரவு 9.30

எல்லோரும் திரையில் இருப்பவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் திரைக்குப் பின்னால் இருந்த மேசையைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன், என் வயிற்றுப்பாடு அதில்தான் என்பதால்.

அந்தப் படங்கள் இப்படித்தான் உருவாயின. அனிமேட்டர் காகிதத்தில் பென்சிலால் வரைவார். அதைக் கண்ணாடி மாதிரியான செல்லுலாய்டு தாளில் மையால் அச்சு அசலாக நகலெடுக்க வேண்டும், பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் வண்ணம் பூச வேண்டும். நீங்கள் திரையில் பார்த்த ஒவ்வொரு கோடும் அனிமேட்டர் போட்ட கோடு இல்லை, மை போட்டவரின் கோடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் போட வேண்டும், நடுங்கினால் டாமின் மீசை திரையில் துடிக்கும். ஒரு ஏழு நிமிடப் படத்துக்கு ஆயிரக்கணக்கில் இப்படிப்பட்ட தாள்கள். டிஸ்னியில் இந்தப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள்.

1938-ல் அனிமேஷன் பயிற்சிக்கு எழுதிக் கேட்ட ஒரு பெண்ணுக்கு டிஸ்னி ஸ்டுடியோவிலிருந்து போன பதில் கடிதம் இணையத்தில் எங்கும் கிடைக்கிறது. கார்ட்டூன் தயாரிப்பில் படைப்பு சார்ந்த வேலை எதையும் பெண்கள் செய்வதில்லை, அது முழுக்க இளம் ஆண்களே செய்வது, ஆகவே பயிற்சிப் பள்ளியில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. பெண்களுக்குத் திறந்திருப்பது மை போடுவதும் வண்ணம் பூசுவதும் மட்டும் என்றும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவரும் ஒரு பெண் ஊழியர்தான். அதை முதலில் படித்தபோது எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை.

அந்தக் கடிதத்துக்கு மூன்று வருடம் முன்பே, 1935-ல், பியாங்கா மஜோலி அதே ஸ்டுடியோவின் கதைப்பிரிவில் சேர்ந்துவிட்டார், அந்தப் பிரிவின் முதல் பெண். 1936-ல் வந்த 'எல்மர் எலிஃபன்ட்' அவர் யோசனையிலிருந்து பிறந்தது. தும்பிக்கையைக் காட்டிக் கேலி செய்யப்படும் குட்டி யானை, அதே தும்பிக்கையால் தீயை அணைத்துப் புலிக்குட்டி டில்லியைக் காப்பாற்றும். அடிதடி குறைவு, அவமானப்பட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நகரும் படம். அதில் மஜோலியின் பெயர் திரையில் கிடையாது. அப்போது டிஸ்னி குறும்படங்களில் ஆண்கள் பெயரும் வராது, வால்ட் பெயர் மட்டும்தான், இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

நியூயார்க்கில் லிலியன் ஃபிரீட்மன் ஃபிளைஷர் ஸ்டுடியோவில் மை போட ஆரம்பித்து 1933 வாக்கில் அனிமேட்டர் ஆனவர், அமெரிக்க ஸ்டுடியோ ஒன்றில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் என்பார்கள். பெட்டி பூப்பை வரைந்த கைகளில் ஒரு பெண்ணின் கையும் உண்டு. வால்டர் லான்ட்ஸிடம் லாவெர்ன் ஹார்டிங் இருந்தார், 1950-ல் உட்டி உட்பெக்கர் என்ற மரங்கொத்திக்குப் புது வடிவம் கொடுத்தவர் அவர்தான். பல படங்களின் டைட்டில் கார்டில் வெர்ன் ஹார்டிங் என்று இருக்கும், பார்ப்பவர் ஆண் என்றுதான் நினைப்பார். ரெட்டா ஸ்காட் 'பாம்பி'யில் வேட்டை நாய்களின் துரத்தலை வரைந்தார், 1942. டிஸ்னியில் அனிமேட்டர் என்று திரையில் பெயர் வந்த முதல் பெண். அந்த நாய்களைப் பாருங்கள், அந்தப் படத்திலேயே பயங்கரமானவை அவைதான். பெண்கள் என்றால் பூவும் குருவியும் வரைவார்கள் என்று நினைத்த இடத்தில் அவர் கோரைப் பற்களை வரைந்தார்.

நான் முதலில் சேர்ந்த ஸ்டுடியோவில் என்னையும் என்னோடு சேர்ந்த மூன்று பெண்களையும் எதுவும் கேட்காமலேயே கிளீனப்பில், அதாவது அடுத்தவர் வரைந்ததைச் சுத்தமான கோடாக்கும் வேலையில், உட்காரவைத்தார்கள். "உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி" என்றார்கள். அசைவின் முக்கிய நிலைகளை வரையும் கீ அனிமேஷனுக்கு வர எனக்கு ஒன்பது வருடம் ஆனது. என்னோடு அதே நாளில் சேர்ந்த பையன்கள் இரண்டு வருடத்தில் போனார்கள். அதனால்தான் அந்த 1938 கடிதம் எனக்குப் பழைய காகிதமாகத் தெரியவில்லை.

கடற்கரைச்சாலை | திங்கள், இரவு 10.15

பென்சில்முனை, இதைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கொஞ்சநேரம் நடந்துவிட்டு வந்தேன். பிரேம் பிரேமாகப் பார்க்கிறேன் என்று பெருமையாக எழுதினேன், அந்தக் கோட்டைப் போட்டவர் யார் என்று யோசித்ததே இல்லை.

ஒன்று மட்டும் இன்னும் கேட்கிறேன், வாதத்துக்காக அல்ல. ஸ்பீடி கொன்சாலெஸ் என்ற மெக்சிகோ எலியை 1999-ல் கார்ட்டூன் நெட்வொர்க் அமெரிக்காவில் நிறுத்தியது, மெக்சிகோ மக்களை இழிவுபடுத்துகிறது என்று. ரசிகர்களோடு சேர்ந்து லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் பெரிய அமைப்பு ஒன்றே அவனைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது, 2002-ல் திரும்பவும் வந்தான். சம்பந்தப்பட்டவர்களே எங்கள் ஆள் என்று சொல்லும்போது வெளியாட்கள் புண்பட்டுக்கொள்வது சரியா?

மேப்பிள்நிழல் | திங்கள், இரவு 10.58

சரியான கேள்வி. ஸ்பீடி கெட்டிக்காரன், துணிச்சல்காரன், வெள்ளைக்காரப் பூனையை ஒவ்வொரு முறையும் ஜெயிப்பவன். அவனை அவர்கள் தங்களவனாக எடுத்துக்கொண்டது எனக்குப் புரிகிறது. ஆனால் அவனைச் சுற்றி இருக்கும் மற்ற எலிகளைப் பாருங்கள். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குபவர்கள், குடிப்பவர்கள், ஸ்லோபோக் ரோட்ரிகெஸ் என்று ஒரு ஆமை வேக உறவுக்காரன். ஒருவன் மட்டும் வேகம், மற்ற எல்லோரும் சோம்பேறி. ஸ்பீடியைக் கொண்டாடுவதும் பின்னணியைக் குறை சொல்வதும் ஒரே ஆளால் ஒரே நேரத்தில் முடியும். மேமிக்கு அந்த முதல் பாதிகூடக் கிடைக்கவில்லை.

அரையிரவு | செவ்வாய், அதிகாலை 1.20

நெடுநாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

பள்ளியில் என் நடையைப் பார்த்துக் கேலி செய்வார்கள். வீட்டுக்கு வந்தால் பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயல். அவன் உதட்டுச்சாயம் பூசிக்கொள்வான், கவுன் போடுவான், அவனை வேட்டையாட வந்த எல்மர் ஃபட் மயங்கி விழுவான். 1957-ல் சக் ஜோன்ஸ் எடுத்த 'வாட்ஸ் ஓபரா, டாக்?' படத்தில் புரூன்ஹில்டா என்ற ஓபரா நாயகியாக, மஞ்சள் பின்னலும் தலைக்கவசமுமாக, ஒரு கொழுத்த வெள்ளைக் குதிரைமேல் அவன் இறங்கி வரும் காட்சி எனக்கு மனப்பாடம். பெண் வேடத்தில் வரும் ஆணைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லும் படங்கள் நிறைய உண்டு. பக்ஸ் விஷயத்தில் சிரிப்பு அவன்மேல் விழாது, ஏமாந்த வேட்டைக்காரன்மேல் விழும். அவனுக்கு அதில் கூச்சமே இருக்காது. 1950-ல் வந்த 'ராபிட் ஆஃப் செவில்' கடைசியில் எல்மர் மணப்பெண் உடையில் நிற்பான், பக்ஸ் மாப்பிள்ளை.

எடுத்தவர்கள் என்னை நினைத்து எடுக்கவில்லை, தெரியும். பத்து வயதில் கூச்சமில்லாத ஒருவனைத் திரையில் பார்த்தது எனக்குப் போதுமானதாக இருந்தது. அதனால் இந்தப் படங்களை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவைக்க என்னால் முடியாது.

தாழம்பூ | செவ்வாய், காலை 6.40

அரையிரவு, எழுதியதற்கு நன்றி. இனிமேலும் எழுதுங்கள்.

நீங்கள் சொன்ன அதே சக் ஜோன்ஸ் பெப்பே லெ பியூவையும் எடுத்தவர், அதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. 'ஃபார் சென்ட்டிமென்டல் ரீசன்ஸ்' 1949-ல் வந்து ஆஸ்கர் வாங்கியது. தன் நாற்றம் தனக்கே தெரியாத ஸ்கங்க் (நாறும் திரவத்தைப் பீய்ச்சும் விலங்கு) ஒன்று தன்னை மன்மதன் என்று நினைத்துக்கொண்டு பூனையைத் துரத்துகிறது, நகைப்பது பெப்பேயின் வீண்பெருமையைத்தான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அந்தப் பூனை பேசுவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு, உன் நாற்றம் தாங்கவில்லை என்று சைகையில்தான் சொல்ல முடிகிறது. பெனலோப்பி என்ற பெயரே அவளுக்கு ரொம்பப் பின்னால் நிலைத்தது. பிறந்தபோது பெயரில்லை, குரலில்லை. பெரியவளான பிறகு பார்த்தபோது நான் பெட்டிக்குள்ளிருந்துதான் பார்த்தேன்.

அரையிரவு | செவ்வாய், காலை 9.05

ஆமாம் அக்கா. நானும் அதில் சிரித்ததில்லை.

மேப்பிள்நிழல் | செவ்வாய், மாலை 7.25

குரல் என்றதும் நினைவுக்கு வந்தது. பக்ஸ் பன்னியை எடுத்த வார்னர் ஸ்டுடியோவின் கார்ட்டூன்களில் பல வருடம் மெல் பிளாங்க் பெயர் மட்டும்தான் குரலுக்கு வரும், அவருடைய ஒப்பந்தம் அப்படி. பாட்டியம்மா கிரானிக்கு முதலில் குரல் கொடுத்த பீ பெனடரெட், பிறகு கொடுத்த ஜூன் ஃபோரே, இவர்கள் பெயர்கள் திரையில் இல்லை. உட்டி உட்பெக்கரின் குரல் 1950 முதல் கிரேஸ் ஸ்டாஃபோர்டுடையது, வால்டர் லான்ட்ஸின் மனைவி. கணவருக்கே தெரியாமல் தன் குரல் பதிவை மற்ற நடிகர்களுடைய பதிவுகளோடு சேர்த்துவிட்டுத் தேர்வானவர். ஒரு பெண் குரல் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று ஆரம்ப வருடங்களில் தன் பெயரே வேண்டாம் என்றாராம். அந்தக் கொக்கரிப்புச் சிரிப்பை உலகமே ஆண் சிரிப்பு என்று நினைத்தது.

கறுப்பின அனிமேட்டர்கள் பற்றி யாரும் சொல்லவில்லை. ஃப்ளாய்ட் நார்மன் டிஸ்னியில் சேர்ந்தது 1956-ல், அந்த ஸ்டுடியோவின் முதல் கறுப்பின அனிமேட்டர். வார்னரில் ஃபிராங்க் பிராக்ஸ்டனும் அதே ஐம்பதுகளில்தான். அதாவது மேமி திரையில் இருந்த பன்னிரண்டு வருடங்களில் அவரை வரைந்த மேசையில் அவரைப் போன்ற ஒருவரை அறிந்த, அவரைப் போன்ற ஒரு தாய்க்குப் பிறந்த யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பென்சில்முனை | செவ்வாய், இரவு 9.10

நீங்கள் சொன்ன இரண்டையும் சேர்த்தால் கூடல்வாசியின் கேள்விக்கே வந்துவிடுவோம். அறுபதுகளில் அந்தப் படங்கள் தொலைக்காட்சிக்குப் போனபோது மேமி சங்கடமாகத் தெரிந்தார். அதனால் சக் ஜோன்ஸின் எம்ஜிஎம் குழு பல காட்சிகளில் கறுப்புக் கால்களை அழித்துவிட்டு ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்ணின் கால்களை வரைந்தது. சாட்டர்டே ஈவினிங் பஸ்ஸில் சீட்டாடப் போவது ஒரு வெள்ளைக்கார இளம்பெண். ராண்டால்ஃபின் குரலை எடுத்துவிட்டு ஐரிஷ் சாயலில் வேறொரு குரல் சேர்த்தார்கள். அந்தக் குரல் யாருடையது தெரியுமா? ஜூன் ஃபோரே. வார்னரில் பெயர் போடப்படாத அதே ஜூன் ஃபோரே. தொண்ணூறுகளில் தியா விடேல் என்ற கறுப்பின நடிகையை வைத்து, பழைய பேச்சுவழக்கைக் குறைத்து மறுபடியும் ஒருமுறை டப்பிங் செய்தார்கள்.

தவறைத் திருத்த எத்தனையோ வழி இருந்தது. இவர்கள் தேர்ந்தெடுத்தது, அந்தத் தொடரில் கறுப்பினப் பெண் ஒருவர் சம்பளம் வாங்கிய ஒரே வேலையை அழிப்பது. முதலில் முகத்தை மறைத்தார்கள், பிறகு காலை, பிறகு குரலை. இழிவான வார்ப்பு போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராண்டால்ஃப் ஏன் போக வேண்டும்?

கடற்கரைச்சாலை | செவ்வாய், இரவு 9.48

அதனால்தான் நான் வெட்டாமல் காட்ட வேண்டும் என்கிறேன். 2005-ல் வந்த டிவிடி தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பெர்க் முன்னால் வந்து பேசுவார். இந்தப் படங்களில் இருப்பது அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனால் இவற்றை மறைப்பது அந்தப் பாகுபாடே இல்லாததுபோல் காட்டுவதாகும் என்ற கருத்தில். சிறு பிள்ளைகளுக்கு அது போதாது, பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும், இதை இந்த இழை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

தாழம்பூ | செவ்வாய், இரவு 10.20

பெரியவர்கள் பார்க்க வெட்டாமல் இருக்கட்டும், சரி. ஆனால் டாமின் முகத்தில் ஏதாவது வெடித்து அவன் கறுப்பினக் குழந்தை மாதிரி ஆகும் படங்களை ஏழு வயதுப் பிள்ளைக்கு, யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும், நான் போட மாட்டேன். அந்த நிறத்துப் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கும். இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக வேண்டியதில்லை அண்ணா.

கூடல்வாசி | புதன், இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குச் சாயங்காலம் அவளோடு உட்கார்ந்தேன்.

1946-ல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்ற படத்தில் லிலியன் ராண்டால்ஃப் நடித்திருக்கிறார், ஆனி என்ற பாத்திரம். அங்கேயும் வீட்டுவேலை செய்பவர்தான், அதையும் அவளிடம் சொன்னேன், ஏன் என்றும் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். கடைசிக் காட்சியில் எல்லோரும் பணம் கொண்டுவந்து கொட்டும்போது ஆனியும் தன் சேமிப்போடு வருவார், அந்த இடத்தை ஓட்டிக் காட்டினேன். உற்றுப் பார்த்தாள். மறுபடியும் போடச் சொன்னாள். பிறகு பழைய டாம் அண்ட் ஜெர்ரி ஒன்றை, அசல் குரல் இருக்கும் பிரதியைப் போட்டேன். கால்கள் வந்ததும் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"மாமா, அதே பாட்டிதான்" என்றாள்.

இப்போது ஒரு தாளில் டாமையும் அந்தச் செருப்பையும் வரைந்துகொண்டிருக்கிறாள், தாளின் மேல்பக்கத்தில் நிறைய இடம் விட்டிருக்கிறாள். பென்சில்முனை, பழுப்புக்கு எந்த நிறங்களைக் கலக்க வேண்டும் என்று கேட்கிறாள், கொஞ்சம் சொல்லுங்களேன்.

பென்சில்முனை | புதன், இரவு 8.41

கிரேயானா, வாட்டர்கலரா? வாட்டர்கலர் என்றால் சிவப்பு, மஞ்சள் சம அளவு, நீலம் துளித்துளியாக. கறுப்பைக் கலக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், நிறம் செத்துவிடும். முடித்ததும் இங்கே படம் போடுங்கள்.